மெஷின் ஓடாத நாளில் வந்த நாகசலபம்

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போன கால் மணி நேரத்திலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் முதல் பீர்மேடு முழுக்கக் காற்றும் மழையும். எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வரும் கரண்டுக் கம்பியின் மேல் இரண்டு சில்வர் ஓக் மரங்கள் விழுந்து, மூன்று போஸ்ட்டையும் இழுத்துச் சாய்த்துவிட்டன. ஃபேக்டரி ஜெனரேட்டர் ஏற்கெனவே பத்து நாளாகப் பழுதாகிக் கிடந்தது. நான் டிபன் பாக்ஸும் குடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, சூப்பர்வைசர் ரெயின்கோட்டோடு கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னைக்கு மெஷின் ஓடாது. கொழுந்து எடுக்கவும் வேண்டாம்னு சொல்லியாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்றார்.

"நாளைக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கரண்டு வந்தா வேலை. வரலைன்னா நாளைக்கும் அவதிதான்."

அவதி என்பது மலையாளத்தில் விடுமுறை. எங்களுக்கும் அதுதான் பேச்சு வழக்கு. சிலர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். நானும் முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டேன். கேட்டைத் தாண்டி, வளைவு திரும்பி, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் என் நடை தானாகவே வேகமெடுத்தது. நாற்பத்திரண்டு வயதில், கையில் டிபன் பாக்ஸோடு, மழைத்தண்ணீர் ஓடுகிற ரோட்டில் நான் கிட்டத்தட்ட ஓடினேன் என்றே சொல்லலாம்.

அதற்குக் காரணம் உண்டு. பதினான்கு வருஷமாகச் சல்லடை ரூமில் வேலை பார்க்கிறேன். காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற அறை அது. ஜன்னல் உயரத்தில் இருக்கும். கண்ணாடியில் எப்போதும் தேயிலைத் தூசி படிந்திருக்கும். காலையில் உள்ளே போனால் வெளியே வரும்போது வெயில் இறங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை துவைப்பதற்கும் ரேஷன் கடைக்கும் ஏலப்பாறைக் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குமே சரியாகப் போய்விடும். என் வீட்டுப் பின்பக்கத்தில் காலை பத்து மணிக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே என்னென்ன வந்து போகின்றன என்பதும் தெரியாது.

இன்னொரு காரணம், பீரோவில் சேலைகளுக்கு மேல் துண்டில் சுற்றி வைத்திருந்த கேமரா.

என் வீட்டுக்காரர் டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். வியூ பாயிண்ட்டில் இறங்குகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுக்கலாம் என்ற யோசனையில், கடையை மூடிவிட்டு ஊருக்குப் போன ஒரு போட்டோக்காரரிடமிருந்து அதை வாங்கி வந்தார். ஆனால் ஜீப்பில் ஏறுகிறவர்கள் எல்லோர் கையிலும் போன் இருந்தது. இரண்டு வாரத்தில் அவருக்கு அலுத்துப்போயிற்று. கேமரா பீரோவுக்கு வந்தது. அதை நான்தான் சாயங்காலங்களில் எடுத்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தேன். குத்துவிளக்கை எடுத்தேன், தக்காளியை எடுத்தேன், கொடியில் காயும் துணியை எடுத்தேன். மேலே இருக்கும் திருகில் சின்னதாக ஒரு பூப் படம் போட்டிருந்தது. அதில் திருப்பி வைத்தால் ரொம்பக் கிட்டத்தில் இருப்பதும் தெளிவாக விழும் என்பதைத் தக்காளிக் காம்பை எடுத்தபோது கண்டுபிடித்தேன். காம்பைச் சுற்றி அவ்வளவு பொடி முடி இருப்பதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஒரு நாள் பகல் வெளிச்சத்தில் இதை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று. அந்த ஒரு நாள் வராமலே எட்டு மாதம் போய்விட்டது.

வீட்டில் யாரும் இல்லை. மகள் தேனியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மழை எச்சரிக்கை இருந்ததால் ஜீப் ஓட்டவும் தடை. வீட்டுக்காரர் மற்ற டிரைவர்களோடு வடக்கயிற்றை எடுத்துக்கொண்டு, ரோட்டில் விழுந்த மரங்களை இழுத்துப் போடப் போயிருந்தார். நான் டிபன் பாக்ஸை அடுப்படியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பீரோவைத் திறந்தேன்.

கேமராவை முடுக்கியதும் திரையின் மூலையில் பேட்டரிப் படம் வந்தது. மூன்று கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. சார்ஜரைத் தேடி எடுத்து, சுவரில் மாட்டி, சுவிட்சையும் தட்டிய பிறகுதான் கரண்டு இல்லாததால்தானே வீட்டில் நிற்கிறோம் என்று உறைத்தது. என் போன் முந்தின நாளே அணைந்துவிட்டது. சரி, இரண்டு கோடு போதும், யாருக்குக் கணக்குச் சொல்லப் போகிறோம் என்று பின்கதவைத் திறந்தேன்.

எஸ்டேட் கட்டிக்கொடுத்த எங்கள் லயத்தில் வரிசையாக ஆறு வீடுகள். எங்களுடையது கடைசி. பின்னால் பத்தடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம், அதற்கப்புறம் கல்கட்டு, கல்கட்டுக்கு மேலே தேயிலைச் செடிகள். அந்தத் துண்டு நிலத்தில் சேம்பு, ஒரு செம்பருத்தி, ஒரு கொய்யா மரம், மழைத்தண்ணீர் பிடிக்கும் நீல டிரம். அவ்வளவுதான். ஆனால் அன்று மழை விட்டு, மூடுபனி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் எல்லாப் பக்கமும் ஒரே பளபளப்பாக இருந்தது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றேன்.

சேம்பு இலைகளின் நடுவே தண்ணீர் உருண்டை உருண்டையாக நின்றது. குந்தி உட்கார்ந்து, திருகைப் பூப் படத்தில் வைத்து ஓர் உருண்டையை எடுத்தேன். உருண்டைக்குள்ளே எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை தலைகீழாகத் தெரிந்தது. அதை இன்னும் பெரிதாக எடுக்கப் பார்த்தேன். காற்றில் இலை ஆடி, உருண்டை உருண்டு விழுந்தது. அடுத்த உருண்டைக்குப் போனேன். கல்கட்டு இடுக்கில் காசித்தும்பை பூத்திருந்தது, ரோஸ் நிறத்தில், விரல் நகத்தளவு. டிரம் மூடியில் ஒரு குட்டித் தவளை. ஒரு ரூபாய்க் காசின் மேல் உட்காரவைத்தால் காலைத் தொங்கவிடாமல் உட்காரும், அவ்வளவுதான் அது. மூச்சு விடும்போது அதன் தொண்டை துடிப்பது கேமராத் திரையில்தான் எனக்குத் தெரிந்தது. செம்பருத்தியில் ஒரு தேன்சிட்டு வந்தது. நான் கேமராவைத் தூக்குவதற்குள் போய்விட்டது. மறுபடி வந்தது. மறுபடி தூக்கினேன். செம்பருத்திப் பூவைப் பதினைந்து படம் எடுத்தேன், ஒன்றிலும் சிட்டு இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து பால் சேர்க்காத கட்டங்காப்பி குடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கொழுந்து எடுக்கிறவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள். அவளுக்கும் அன்று வேலை இல்லை.

"ஏட்டி, என்னத்தத் தேடுத? கம்மலத் தொலைச்சிட்டியா?"

"இல்லக்கா. படம் எடுக்கேன்."

"எதை?"

"தவளையை."

அக்கா ஒரு வாய் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "லீவு குடுத்தா மனுஷனுக்கு இப்படித்தான் ஆகும்," என்றாள். ஆனால் எழுந்து வந்து டிரம்மை எட்டிப் பார்த்தாள். திரையில் தவளையைக் காட்டினேன். "இம்புட்டுப் பெருசாவா இருக்கு அது?" என்று தவளையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போதுதான் திரையின் மூலையைக் கவனித்தேன். பேட்டரியில் ஒரே ஒரு கோடுதான் மிச்சம். நூறு படம் எடுத்திருந்தேன். இனிமேல் கண்டதையும் எடுக்கக் கூடாது, நன்றாகப் பார்த்து, யோசித்து, ஒன்றோ இரண்டோதான் என்று எனக்கு நானே கட்டுப்பாடு விதித்துக்கொண்டு கேமராவை அணைத்தேன். அணைத்த பிறகுதான் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கொய்யா மரத்தில் என் முகத்து உயரத்தில் ஒரு காய்ந்த இலை தொங்கிக்கொண்டிருந்தது. சுருண்டு, பழுப்பாக, என் கட்டைவிரலைவிட நீளமாக. மரத்தில் காய்ந்த இலைகள் வேறு எதுவும் இல்லை. அவ்வளவு காற்றிலும் மழையிலும் பச்சை இலையே உதிர்ந்து கிடக்கும்போது இது மட்டும் எப்படி நிற்கிறது என்று கிட்டே போனேன். காம்பில் நூல் சுற்றியதுபோல் இருந்தது. தொட்டால் காகிதம்போல் கெட்டியாக இருந்தது. உள்ளேயிருந்து சரசரவென்று ஒரு சத்தம்.

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"யக்கா, இங்க வா. இதுக்குள்ள என்னமோ இருக்கு."

அக்கா காதை வைத்துக் கேட்டாள். கூட்டின் மேல் முனை ஈரமாக இருந்தது. மழை ஈரம் இல்லை. மழை ஈரம் எல்லா இடத்திலும் இருக்கும், இது அந்த முனையில் மட்டும் கறையாகப் பரவிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் பிரிந்து, முதலில் ஒரு கால் வெளியே வந்தது. கம்பளி போர்த்திய கால். பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு சின்னச் சீப்புகளைத் தலையில் ஒட்டவைத்ததுபோல மீசை. கேமராவை முடுக்கினேன். ஒன்று. பொத்தானை மறுபடி அமுக்கினேன். இரண்டு.

"புழுவா?" என்றாள் அக்கா.

"புழு இல்லக்கா. பட்டாம்பூச்சி மாதிரி இருக்கு."

"இம்புட்டுத் தண்டிக்கா?"

உடம்பு வெளியே வந்துவிட்டது. என் பெருவிரல் தடிமன், செங்கல் நிறம், வெள்ளை வளையங்கள். இறக்கை என்று சொல்வதற்குத் தோளில் நனைந்த துணியைக் கசக்கி ஒட்டியதுபோல நான்கு துண்டுகள். அது கூட்டின் மேல் ஏறி, கிளையைப் பிடிக்கக் காலை நீட்டியது. கிளை நேற்றைய மழையில் வழவழவென்று இருந்தது. இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை பிடி விட்டு, தொப்பென்று கீழே சேற்றில் விழுந்தது.

அக்கா வளர்க்கும் சிவப்புக் கோழி எங்கிருந்து வந்ததோ தெரியாது. கழுத்தை நீட்டிக்கொண்டு நேராக ஓடி வந்தது.

கேமரா என் கழுத்து வாரில் தொங்கியது. நான் குனிந்து, கோழிக்கு முன்னால் கையை வைத்துவிட்டேன். கோழி என் மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தியது. அக்கா செருப்பைக் கழற்றி எறிந்து அதை விரட்டினாள். சேற்றில் கிடந்த பூச்சிக்கு முன்னால் விரலை நீட்டினேன். ஒரு கால் விரலைத் தொட்டது. அப்புறம் ஆறு கால்களும். நான் மெதுவாக எழுந்து அதைக் கிளையில் விடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அதற்குக் கிளை பிடிக்கவில்லை. புறங்கையில் ஏறி, மணிக்கட்டைத் தாண்டி, என் கை மேல் நோக்கி நடக்க ஆரம்பித்தது. கால் நுனியில் இருந்த கொக்கிகள் தோலில் குத்தின. வலி இல்லை, கூச்சம்தான். கையை உயர்த்தினால் அது நுனிக்கு ஏறும் என்று நினைத்து உயர்த்தினேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் போய், உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டது.

"ஒதறிடாத," என்றாள் அக்கா. "அது எறக்கைய விரிக்கப் போவுது."

உண்மைதான். கசங்கிய துணியில் மெல்ல மெல்ல மடிப்பு நீங்கிக்கொண்டிருந்தது. இப்போது இதைப் பிடுங்கி வேறு இடத்தில் வைத்தால் இறக்கை கோணலாகிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பார்த்தாலே தெரிந்தது, அது தொங்க வேண்டும், ஆடாமல் தொங்க வேண்டும் என்று. வலது கை மேலே. கேமரா கழுத்தில். இடது கையால் கேமராவைத் தூக்கிப் பார்த்தேன். பொத்தான் வலது பக்கம் இருந்தது. என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படி ஒன்று நடக்கிறது, என்னால் ஒரு படம்கூட எடுக்க முடியாது.

"யக்கா, நீதான் எடுக்கணும்."

"நானா? எனக்கு அந்தப் பொட்டியப் பிடிக்கக்கூடத் தெரியாது."

"நான் சொல்லித் தாரேன். என் கழுத்துல இருந்து மெதுவாக் கழட்டு."

அக்கா கையை முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, வாரை என் தலைக்கு மேலாக எடுத்தாள். குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அந்தத் திரையில என்ன தெரியுது?"

"ஒன் மூக்கு."

"கொஞ்சம் மேல தூக்கு. பூச்சி தெரியுதா? இப்ப அந்தப் பொத்தானப் பாதி அமுக்கு. முழுசா அமுக்கக் கூடாது. பச்சையா ஒரு கட்டம் வரும்."

"பாதின்னா எம்புட்டு?"

"தேயிலைக் கொழுந்த ஒடிக்காம தொட்டுப் பாப்பியே, அம்புட்டு."

அக்கா புரிந்துகொண்டாள். நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு அமுக்கினாள். "கட்டம் வந்துட்டு."

"கட்டத்துக்குள்ள என்ன இருக்கு?"

"ஒன் தோள்பட்டை."

"விட்டுட்டு மறுபடி அமுக்கு. பூச்சி மேல வரணும். வந்ததும் முழுசா அமுக்கு."

கிளிக் என்று சத்தம் வந்தது. அக்கா பயந்து கேமராவைத் தூர நீட்டினாள். அந்தச் சமயத்தில் விரல் மறுபடி பட்டு இன்னொரு கிளிக்கும் விழுந்தது. "என்னமோ தானா எடுத்துக்கிட்டு," என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் கை ஆடும். சிரிக்காமல் இருக்க மூச்சைப் பிடித்தேன். மூச்சைப் பிடித்தால் இன்னும் சிரிப்பு வந்தது. அதற்குள் பூச்சி தன் வால் பக்கத்திலிருந்து காவி நிறத்தில் தண்ணீரைப் பீச்சியடித்தது. என் சேலையில் தோள் முதல் இடுப்பு வரை ஒரு கோடு.

"மொதல் காரியமா ஒன்னையக் கக்கூசாக்கிட்டு," என்றாள் அக்கா.

"நீ எடு. பேச்சு வேண்டாம். பேட்டரி போயிரும்."

இறக்கைகள் விரிந்துகொண்டே இருந்தன. முதலில் வெற்றிலை அளவு. பிறகு உள்ளங்கை அளவு. பிறகு அதையும் தாண்டி. துருப்பிடித்த இரும்பின் சிவப்பு, ஓரத்தில் வெளிறிய மஞ்சள், ஒவ்வோர் இறக்கையின் நடுவிலும் கண்ணாடித் துண்டு பதித்ததுபோல ஒரு முக்கோணம். அந்த முக்கோணத்தின் வழியாகப் பின்னாலிருந்த கொய்யா இலையின் பச்சை தெரிந்தது. மேல் இறக்கைகளின் நுனி இரண்டும் வளைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு. அசல் பாம்புத் தலை. நான் பார்ப்பதை நானே நம்பாமல், "யக்கா, பாத்தியா, யக்கா, பாத்தியா," என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அக்கா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கை மரத்துப்போக ஆரம்பித்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். மழை பொசுபொசுவென்று தூறியது. அக்கா ஓடிப்போய்க் குடை கொண்டுவந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் கேமரா, வாயில் முந்தானை. எனக்கு மேலே குடை பிடிக்கவில்லை, பூச்சிக்கு மேலேதான் பிடித்தாள். என் தலை நனைந்தது.

அந்தக் கோலத்தில்தான் என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்தார். காலெல்லாம் சேறு, சட்டையில் மரத்தூள். அடுப்படி வழியாகப் பின்கதவுக்கு வந்து நின்றார்.

"என்ன புள்ள, கையத் தூக்கிக்கிட்டு நிக்குற? பஸ்ஸை மறிக்கியா?"

"பக்கத்துல வாங்க. சத்தம் போடாம வாங்க."

வந்தார். பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பகல் முழுக்க டூரிஸ்ட்டுகளுக்கு மலையையும் அருவியையும் காட்டுகிற மனுஷன், எதைப் பார்த்தாலும் இது எனக்குத் தெரியும் என்கிற முகத்தோடு இருப்பவர், அன்று வாயைத் திறந்தபடி நின்றார்.

"இது நாகசலபம்," என்றார். சலபம் என்றால் மலையாளத்தில் பட்டாம்பூச்சி. "மலையாளத்துக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. கைடு ஒருத்தர் சொல்லிக் கேட்டிருக்கேன். நேர்ல இப்பதான் பாக்கேன். இதுக்கு வாயே கிடையாதாம். ஒண்ணும் திங்காதாம். ஒரு வாரம், பத்து நாள்தான் இருக்குமாம்."

"வாயில்லாம எதுக்கு இம்புட்டு எறக்கை?" என்றாள் அக்கா.

அவர் குனிந்து, வாய் இருக்க வேண்டிய இடத்தைத் தேடிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் அக்கா கையிலிருந்த கேமரா இரண்டு முறை கீச்சிட்டு, மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு அணைந்துவிட்டது. அக்கா பதறிப்போனாள். "ஏட்டி, நான் ஒண்ணும் செய்யல. அதுவா மூடிக்கிட்டு." பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் தன் போனை எடுத்து எங்களை ஒரு படம் எடுத்தார். அப்புறம் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வெறும் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூச்சியை என் கையிலிருந்து இறக்குவதற்கு அக்காதான் வழி சொன்னாள். பிடிக்க வேண்டாம், என் கையைக் கொய்யாக் கிளையோடு ஒட்டி வைத்துவிட்டுச் சும்மா நின்றால் போதும், அது போகும்போது போகட்டும் என்றாள். வீட்டுக்காரர் துண்டால் கிளையை ஈரம் போகத் துடைத்தார். நான் கையை அதன்மேல் சாய்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கால் கிளைக்குப் போயிற்று. அடுத்த கால். கடைசிக் காலும் என் தோலை விட்டபோது கையில் சட்டென்று ஒரு குளிர் தெரிந்தது. அது இரண்டு அடி மேலே ஏறி, நான்கு இறக்கைகளையும் விரித்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தது. என் இரண்டு கைகளையும் சேர்த்து விரித்தால் அதை மறைக்கலாம், அதற்கு மேல் இல்லை.

அன்று பகல் முழுக்க லயத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இரண்டாம் வீட்டுப் பெண் நுனியைப் பார்த்துப் பாம்பு என்று பின்வாங்கினாள். ஒருத்தர் சாமி வந்திருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வந்த எல்லோரிடமும் நான் கதையை முதலிலிருந்து சொன்னேன். கூடு, ஈரம், கால், சேறு, கோழி. என் குரல் எனக்கே அந்நியமாக, ஒரு கட்டை உயர்ந்து ஒலித்தது. மத்தியானம் சாப்பிட்டோமா என்று சாயங்காலம்தான் யோசித்தோம். சல்லடை ரூமுக்காகக் கட்டிய டிபன் பாக்ஸைத் திறந்து, நானும் வீட்டுக்காரரும் அக்காவும் பின்படியில் உட்கார்ந்து, கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டே புளிச்சோறு சாப்பிட்டோம்.

மறுநாள் காலையும் அது அங்கேயே இருந்தது. அதற்கடுத்த நாள் இல்லை. இறக்கைத் துண்டு ஏதாவது கீழே கிடக்கிறதா என்று சேம்புச் செடிக்கு அடியில்கூடத் தேடினேன். எதுவும் இல்லை. பறந்துதான் போயிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

கரண்டு வர மூன்று நாள் ஆயிற்று. வந்த அன்று அரைமணி நேரம் மட்டும் சார்ஜ் போட்டுவிட்டு, பொறுமையில்லாமல் கேமராவைப் பிடுங்கினேன். அக்காவையும் கூப்பிட்டேன். மூன்று பேர் தலையும் அந்தச் சின்னத் திரைக்கு மேல். நான் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் முக்கால்வாசி கலங்கலாக இருந்தன. தவளை நன்றாக வந்திருந்தது. தண்ணீர் உருண்டைக்குள் எங்கள் கூரை ஒன்றில் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. பூச்சி கூட்டைப் பிய்த்துக்கொண்டு வரும் இரண்டு படங்களும் வெறும் பழுப்புக் கலக்கம்.

பிறகு அக்கா எடுத்தவை. பதினொன்று. முதல் படம் என் தோள்பட்டை. இரண்டாவது வானம். மூன்றாவது அக்காவின் கால் கட்டைவிரல், மெட்டியோடு. நான்காவதில் குடைக் கம்பி. ஒவ்வொன்றுக்கும் அக்கா, "இது நான் எடுக்கல," என்றாள். எட்டாவது படம் வந்ததும் மூன்று தலையும் திரைக்கு இன்னும் கிட்டே போயின.

இறக்கை முக்கால் பங்கு விரிந்திருந்தது. ஒவ்வொரு நரம்பும், ஓரத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தன. என் கையின் பொடி முடிகூடத் தெரிந்தது. கண்ணாடி முக்கோணத்துக்குப் பின்னால், கொஞ்சம் கலங்கலாக, என் முகம். தலை நனைந்து, வாய் திறந்து, கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கல்யாண ஆல்பத்தில்கூட நான் அப்படி இல்லை. அந்த முகம் எனக்கு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

"நீ இப்படி இருந்து நான் பாத்ததே இல்ல," என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, திரையைத் துடைப்பதுபோலக் கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தார்.

திரையில் இருந்த அந்தப் படத்தை வீட்டுக்காரர் தன் போனில் எடுத்து மகளுக்கு அனுப்பினார். அவள் உடனே போன் செய்து, "யாரு எடுத்தது, அப்பாவா?" என்று கேட்டாள். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் எடுத்தேன். பாதி அமுக்கி, கட்டம் வந்த பெறகு மீதி அமுக்கணும். சொம்மா அமுக்குனா வராது," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்பக்கமிருந்து கூப்பிட்டாள். அவள் வீட்டுக் கூரையில் ஏறிய பூசணிக்கொடி பூத்திருக்கிறதாம், வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடுமாம், பெட்டியை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னாள். நான் சோப்புக் கையைக் கழுவிக்கொண்டு கேமராவோடு போனேன். அக்கா ஏற்கெனவே ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தாள். கையை நீட்டினாள்.

"சார்ஜு இருக்குல்லா?"

"மூணு கோடு இருக்கு."

"அப்ப குடு," என்றாள்.